பூட்டிய கிடங்கில் என்ன இருக்கிறது?



2023ம் ஆண்டு ஜூலை 26ம் தேதி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், அந்நாட்டு பார்லிமென்டான காங்கிரசின் குழு ஒன்று கூடியிருந்தது. மூன்று பேர் எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, உண்மையைத்தான் சொல்வோம் என்று சத்தியம் செய்தார்கள். இருவர் கடற்படையில் போர் விமானம் ஓட்டியவர்கள். மூன்றாமவர் பெயர் டேவிட் குருஷ். விமானப்படையில் உளவு அதிகாரியாக இருந்தவர்.

குருஷ் சொன்ன சாட்சியம் எல்லா நாட்டுப் பத்திரிகையிலும் வந்தது. எங்கோ விழுந்து நொறுங்கிய, மனிதர் செய்யாத வாகனங்களை அமெரிக்க அரசு பல பத்தாண்டுகளாக எடுத்து ஒளித்து வைத்திருக்கிறதாம். அவற்றில் சிலவற்றோடு மனிதரல்லாத உயிர்ப்பொருளும் கிடைத்ததாம்! ராணுவத் தலைமையகமான பென்டகன் அதை மறுத்தது. அப்படி ஒரு திட்டம் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்றது.

சத்தியம் செய்யும் சாட்சி, மறுக்கும் அரசாங்கம், பூட்டிய அறை, அதற்குள் ஏதோ ஒன்று... இதெல்லாம் ஒரு டிவி தொடரில் 30 ஆண்டுக்கு முன்பே வந்துவிட்ட காட்சிகள். அந்தத் தொடரின் பெயர் 'எக்ஸ் பைல்ஸ்'. அதைப் படைத்த எழுத்தாளர் கிறிஸ் கார்ட்டர்.

உங்கள் வீட்டில் 40 வயது தாண்டிய மாமா, சித்தப்பா யாராவது ஆங்கிலத் தொடர் பார்ப்பவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தத் தொடரின் சீட்டி ஒலி போன்ற இசையை அவர் வாயாலேயே ஊதிக் காட்டிவிடுவார்!

கிறிஸ் கார்ட்டர் 1956ல் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது இதழியல். அவருக்கு உயிர் எதில் தெரியுமா? பலகை மேல் நின்று கடல் அலையில் சறுக்கும் விளையாட்டில். அந்த விளையாட்டுக்கென்றே வந்த ஒரு பத்திரிகையில் எழுதி, ஆசிரியர் பொறுப்பு வரைக்கும் உயர்ந்தார். பிறகுதான் சினிமா, டிவி பக்கம் வந்தார். அலைச்சறுக்குப் பத்திரிகைக்காரருக்கும் பறக்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் பறக்கும் தட்டில் இல்லை, பொய்யில் இருக்கிறது. கார்ட்டர் பதின்வயதுப் பையனாக இருந்தபோது அமெரிக்காவை ஒரு பெரிய ஊழல் உலுக்கியது. 1972 ஜூன் மாதம், வாஷிங்டனில் வாட்டர்கேட் என்ற கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் திருட்டுத்தனமாக நுழைந்து பிடிபட்டார்கள். அவர்கள் திருட வந்தது பணத்தை அல்ல. ஒட்டுக்கேட்கும் கருவி வைக்க வந்தார்கள். விசாரிக்க விசாரிக்க நூல் ஜனாதிபதி நிக்சனின் ஆட்கள் வரை போனது. அதை மூடி மறைக்க நிக்சனே முயன்றார் என்பது கடைசியில் வெளிவந்தது. 1974 ஆகஸ்ட் மாதம் அவர் பதவி விலகினார். நாட்டின் ஜனாதிபதியே பொய் சொல்வார் என்பதை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் டிவியில் பார்த்து வளர்ந்தார்கள். தன் மனதை உருவாக்கியது அந்த வாட்டர்கேட்தான் என்று கார்ட்டர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. வாட்டர்கேட் ரகசியங்களைப் பத்திரிகையாளருக்கு இருட்டில் வந்து சொல்லிக்கொண்டிருந்த ஆள் யார் என்பது 30 ஆண்டுக்கு மேல் தெரியாமலே இருந்தது. 2005ல்தான் வெளியே வந்தது. அவர் மார்க் பெல்ட். அந்நாட்டின் மத்தியப் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ.யில் அப்போது இரண்டாவது இடத்தில் இருந்த அதிகாரி! கார்ட்டரின் தொடரிலும் முதல் ஆண்டே இப்படி இருட்டில் வந்து ரகசியம் சொல்லும் ஒரு பாத்திரம் வருகிறது. தொடரின் நாயகனும் நாயகியும் எப்.பி.ஐ. அதிகாரிகள்தான்.

நாயகன் பெயர் முல்டர். அவனுக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கை. சின்ன வயதில் தன் தங்கையை வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப் போய்விட்டார்கள் என்று நம்புகிறவன். நாயகி ஸ்கல்லி ஒரு டாக்டர். அவளுக்கு எதற்கும் ஆதாரம் வேண்டும். பொதுவாகக் கதைகளில் ஆண் அறிவால் பேசுவான், பெண் உணர்ச்சியால் பேசுவாள் என்று எழுதி வைத்துவிடுவார்கள். கார்ட்டர் வேண்டுமென்றே அதைத் திருப்பிப் போட்டார். அதற்குப் பலனும் இருந்தது. 2018ல் அமெரிக்காவில் ஜீனா டேவிஸ் நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் வேலை பார்க்கும் பெண்களில், ஸ்கல்லியை அறிந்தவர்களைக் கேட்டது. நூற்றுக்கு 63 பேர், அவள் எனக்கு ஒரு முன்மாதிரி என்றார்கள். பறக்கும் தட்டைத் தேடப் போன கதை, சோதனைச்சாலைக்குப் பெண்களை அனுப்பி வைத்தது! எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

தொடர் 1993 செப்டம்பர் 10ம் தேதி தொடங்கியது. 2002 வரை ஒன்பது வரிசைகள் ஓடியது. 2016லும் 2018லும் மறுபடி வந்தது. மொத்தம் 218 பகுதிகள். நடுவில் இரண்டு சினிமாக்கள். (குட்டிகளே, இது பெரியவர்களுக்கான தொடர். ராத்திரியில் பார்த்தால் பெரியவர்களுக்கே வியர்க்கும். உங்களுக்கு வயது வரட்டும்.)

முதல் பகுதியின் கடைசிக் காட்சியை மட்டும் சொல்கிறேன். முல்டரும் ஸ்கல்லியும் கஷ்டப்பட்டு ஒரு சாட்சிப் பொருளைக் கொண்டுவந்து மேலதிகாரியிடம் கொடுக்கிறார்கள். அது எங்கே போகிறது? பேசாமல் சிகரெட் பிடித்துக்கொண்டே இருக்கும் ஓர் ஆள் அதை எடுத்துப் போகிறான். ஒரு நீண்ட கிடங்கு. வரிசை வரிசையாக அலமாரி, அலமாரி முழுக்கப் பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் அதைப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துகிறான். கதவின் பக்கத்தில் பார்த்தால், அது பென்டகன்!

அந்தக் கிடங்கில் அப்படி என்னதான் இருக்கிறது? 218 பகுதிகளையும் ஓட வைத்தது இந்த ஒரு கேள்விதான். வாஷிங்டனில் 2023ல் சத்தியம் செய்ய வைத்ததும் இதே கேள்விதான்.

இதற்குப் பதில் தேடுவதற்கு முன், எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் ஒருநாள் காலையிலிருந்து தன் டிபன் பாக்சை மடியிலேயே வைத்திருந்தான். யார் கேட்டாலும் திறக்க மாட்டேன் என்றான். இடைவேளைக்குள், 'உள்ளே ஓணான்' என்று ஒருவன் கிளப்பினான். மதியத்துக்குள் அது பாம்புக்குட்டி ஆயிற்று. மணி மூன்றுக்கு, பாம்பு அசையும் சத்தத்தைக் கேட்டதாக இரண்டு சாட்சிகள் வேறு வந்துவிட்டார்கள்! நான் திறந்து பார்த்தேன். நாலாக மடித்த ரேங்க் கார்டு. அப்பாவிடம் கையெழுத்து வாங்காதது.

அவன் ஒளித்தது உண்மை. பாம்பு பொய். இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொண்டு, 1947ம் ஆண்டுக்கு வாருங்கள்.

அந்த ஆண்டு ஜூன் 24ம் தேதி, கென்னத் அர்னால்டு என்பவர் தன் சிறிய விமானத்தில் வாஷிங்டன் மாநிலத்து மலைகளின் மேல் போய்க்கொண்டிருந்தார். (தலைநகர் வாஷிங்டன் வேறு; இது அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் உள்ள மாநிலம்.) பளபளக்கும் ஒன்பது பொருள்கள் வேகமாகப் போவதைப் பார்த்ததாகச் சொன்னார். அவை எப்படிப் போயின என்று கேட்டதற்கு, தண்ணீர் மேல் சாசரை வீசினால் அது தத்தித் தத்திப் போகுமே, அதுபோல என்றார். நீங்கள் குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடுவீர்களே, அதேதான். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகள் எழுதியதோ, பறக்கும் சாசர், பறக்கும் தட்டு! அதன் பிறகு ஊர் ஊராகத் தட்டு வடிவத்தில் பார்த்ததாக ஜனங்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு சொல் தப்பாகக் காதில் விழுந்தால் கண்ணே அதன் பின்னால் போய்விடுகிறது, பார்த்தீர்களா?

இரண்டு வாரம் கழித்து, ஜூலை 8ம் தேதி, நியூ மெக்சிகோ மாநிலத்தில் ரோஸ்வெல் என்ற ஊரின் விமானப்படைத் தளம் ஒரு செய்தி வெளியிட்டது. ஒரு பண்ணையில் விழுந்து கிடந்த பறக்கும் தட்டைக் கைப்பற்றிவிட்டோம் என்று! உடனேயே மேலதிகாரிகள் மறுத்தார்கள். அது வெறும் வானிலை பலூன் என்றார்கள். பண்ணையில் கிடந்தது ரப்பர் துண்டு, அலுமினியத் தாள், குச்சி, ஒட்டும் நாடா. எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள்.

சுமார் 30 ஆண்டு ரோஸ்வெல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. 1978ல், அன்று அந்தக் குப்பையை அள்ளிவந்த அதிகாரி ஒருவர், அது பூமியைச் சேர்ந்த பொருளே இல்லை என்று பேட்டி கொடுத்தார். 1980ல் புத்தகம் வந்தது. பிறகு குட்டையான உடல்கள் வந்தன, ஆஸ்பத்திரி வந்தது, நாடாவில் புரியாத எழுத்துக்கள் வந்தன. மதியம் மூன்று மணிக்கு எங்கள் வகுப்பில் வந்ததைப் போலவே!

சரி, டிபன் பாக்சில் இருந்தது என்ன? 1994ல் அமெரிக்க விமானப்படை அதைச் சொன்னது. 'மொகல்' என்று ஒரு ரகசியத் திட்டம். 1947ல் அணுகுண்டு அமெரிக்காவிடம் மட்டும்தான் இருந்தது. சோவியத் ரஷ்யா எப்போது வெடித்துப் பார்க்கும் என்று அவர்களுக்கு ஒரே பயம். அணுகுண்டு வெடிக்கும் ஒலி, வானத்தின் உயரத்தில் ஓர் அடுக்கு வழியாக வெகுதூரம் போகும் என்று விஞ்ஞானிகள் நினைத்தார்கள். அதைக் கேட்க மைக்ரோபோன்களை ஏராளமான பலூன்களில் கட்டி மேலே அனுப்பினார்கள். 600 அடிக்கும் நீளமான பலூன் சங்கிலி! ராடாரில் தெரிவதற்காக குச்சியும் அலுமினியத் தாளும் சேர்த்துக் காற்றாடி மாதிரி சில பொருள்களும் அதில் தொங்கின. 1947 ஜூன் மாதம் விட்ட ஒரு சங்கிலிதான் பண்ணையில் விழுந்திருக்க வேண்டும் என்பது விமானப்படையின் முடிவு.

அந்தப் 'புரியாத எழுத்து'? அந்தக் காற்றாடிகளைச் செய்து கொடுத்தது ஒரு பொம்மைக் கம்பெனி என்றும், பூப்போட்ட நாடாவை ஒட்டிக் கொடுத்தது என்றும் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள் நினைவுகூர்ந்தார்கள். குழந்தைகள் பொம்மையில் ஒட்டும் பூ நாடா, 40 ஆண்டில் வேற்றுக்கிரக மொழி ஆகிவிட்டது!

ஆக, மக்களிடம் 1947ல் சொன்னது முழு உண்மையும் இல்லை, முழுப் பொய்யும் இல்லை. பலூன்தான், ஆனால் வானிலை பலூன் இல்லை. அந்தச் சின்ன இடைவெளியில்தான் அத்தனை கதையும் முளைத்தது. அரசாங்கம் அதை 47 ஆண்டு அடைக்காமலே வைத்திருந்தது.

அதன் பிறகாவது சரியாக விளக்கினார்களா? 1997ல் விமானப்படை இன்னோர் அறிக்கை விட்டது. மக்கள் பார்த்ததாகச் சொன்ன உடல்கள், பாராசூட் சோதனைக்காக மேலிருந்து போட்ட மனித உருவப் பொம்மைகள் என்றது. ஆனால் அந்தப் பொம்மைச் சோதனை நடந்தது 1950களில். கதையோ 1947ல்! ஜனங்கள் நாளை மாற்றி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று விமானப்படை சொன்னதும் நிருபர்கள் சிரித்தார்கள். பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் நானும் முழு மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

இதைவிடத் தெளிவான ஒரு கதை நெவாடா பாலைவனத்தில் இருக்கிறது. 'ஏரியா 51' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1955ல் அங்கே 'யு-2' என்ற உளவு விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அது 60,000 அடிக்கு மேலே பறக்கும். அந்தக் காலத்துப் பயணிகள் விமானங்கள் 10,000 முதல் 20,000 அடி உயரத்தில்தான் பறந்தன. அவ்வளவு உயரத்தில் விமானம் பறக்கும் என்று வெளியுலகில் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். தரையில் வெயில் போய்விட்டாலும் தென்னை மர உச்சியில் கொஞ்ச நேரம் வெயில் இருக்கும். அதே போல, கீழே பறக்கும் விமானிக்குச் சூரியன் மறைந்துவிட்டாலும், 60,000 அடியில் இருக்கும் யு-2 மேல் வெயில் விழும். அதன் வெள்ளி இறக்கை நெருப்பு போல ஜொலிக்கும். விமானி என்ன நினைப்பார்? அடையாளம் தெரியாத பறக்கும் பொருள், அதாவது யு.எப்.ஓ., என்று புகார் எழுதுவார்.

அந்தப் புகார்களை விசாரிக்க விமானப்படையில் 'புளூ புக்' என்ற பிரிவு இருந்தது. அதிகாரிகள் உளவுத் துறையான சி.ஐ.ஏ.வோடு சரிபார்ப்பார்கள். அது யு-2 என்று தெரிந்துவிடும். ஆனால் சொல்ல முடியாது, ரகசியம்! அதனால் பனித்துகள், வெப்பநிலை மாற்றம் என்று எதையாவது பதில் எழுதி அனுப்பினார்கள். நல்ல கண்பார்வை உள்ள விமானிக்குத் தெரியாதா, தான் பார்த்தது பனித்துகள் இல்லை என்று? அவர் பார்த்ததும் உண்மை, அரசாங்கம் மழுப்பியதும் உண்மை. வேற்றுக்கிரகவாசி மட்டும் அங்கே இல்லை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட உளவு விமானங்கள்தான் காரணம் என்று சி.ஐ.ஏ.வின் ஒரு வரலாற்று ஆய்வு 1997ல் சொன்னது. அந்தக் கணக்கு கொஞ்சம் கூடுதல் என்பவர்களும் உண்டு.

1947 முதல் 1969 வரை விமானப்படை பதிவு செய்த புகார்கள் 12,618. அதில் விளக்கம் கிடைக்காதவை 701.

'ஏரியா 51' என்று ஓர் இடம் இருப்பதையே சி.ஐ.ஏ. எப்போது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது தெரியுமா? 2013ல். அதுவும் தானாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததல்லவா, அதுபோல அமெரிக்காவில் 1966லேயே ஒரு சட்டம் வந்தது. ஓர் ஆய்வாளர் அந்தச் சட்டப்படி மனுப் போட்டார். பதிலாக வந்த ஆவணத்தில் அந்தப் பெயர் இருந்தது. முல்டர் துப்பாக்கியும் டார்ச் லைட்டுமாக வேலி தாண்டிக் குதித்து செய்ய நினைத்ததை, ஒரு மனு செய்துவிட்டது!

கிறிஸ் கார்ட்டரிடம் திரும்புவோம். இந்தத் தொடர் உருவான சமயத்தில் அவர் கண்ணில் ஒரு கருத்துக்கணிப்பு பட்டது. 37 லட்சம் அமெரிக்கர்கள் வேற்றுக்கிரகவாசிகளால் கடத்தப்பட்டிருக்கலாம் என்றது அது. இவ்வளவு பேரா என்று அசந்துபோனார். தொடருக்கு அது ஒரு தூண்டுகோல். ஆனால் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மொத்தம் 5,947 பேரைக் கேட்டார்கள். உன்னைக் கடத்தினார்களா என்று நேராகக் கேட்கவே இல்லை. தூக்கத்தில் விழித்து உடம்பை அசைக்க முடியாமல் இருந்ததுண்டா, அறையில் விநோத ஒளி தெரிந்ததா, உடம்பில் காரணம் தெரியாத தழும்பு இருக்கிறதா என்பது போல ஐந்து கேள்விகள். நான்குக்காவது ஆமாம் என்றவர்கள் 119 பேர். நூற்றுக்கு இரண்டு. அதை நாட்டு ஜனத்தொகையால் பெருக்கியதும் 37 லட்சம்! எனக்குக்கூட முழங்காலில் காரணம் தெரியாத தழும்பு ஒன்று இருக்கிறது.

கார்ட்டர் இந்தக் கணக்கை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கதாசிரியர். நல்ல கதைக்கு அது போதும். ஆனால் அவரைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் ஸ்கல்லியையும் உருவாக்கியவர் என்பதை மறக்கவில்லை. 1997ல் வந்த ஒரு கதையில், பாதுகாப்புத் துறை ஆள் ஒருவன் முல்டரிடம் வந்து, 'நீ இத்தனை நாள் துரத்திய வேற்றுக்கிரகக் கதையெல்லாம் ராணுவமே பரப்பியது; தன் ரகசியங்களை மறைக்கப் போட்ட திரை அது' என்கிற மாதிரி சொல்கிறான். முல்டர் இடிந்துபோகிறான். ரசிகர்களில் பல பேருக்கு அந்தத் திருப்பம் பிடிக்கவில்லை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் மாதம் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. 1980களில் விமானப்படைக் கர்னல் ஒருவர் ஏரியா 51 பக்கத்தில் ஒரு விடுதிக்காரரிடம் பறக்கும் தட்டு போன்ற படங்களைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அவை போலிப் படங்கள். பின்னாளில் பென்டகனின் விசாரணையாளர்களிடம் அவரே அதை ஒப்புக்கொண்டாராம். எதற்காக? அங்கே ராடாரில் சிக்காத 'எப்-117' என்ற விமானத்தை ரகசியமாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். வானத்தில் விநோதமாக எதையாவது பார்த்தால் ஜனங்கள் விமானம் என்று நினைக்கக் கூடாது, பறக்கும் தட்டு என்று நினைக்கட்டும் என்று! அந்த விமானம் இருப்பதை அமெரிக்கா 1988ல்தான் வெளியே சொன்னது. கார்ட்டர் கற்பனையில் எழுதியது 28 ஆண்டு கழித்துப் பத்திரிகையில் செய்தியாக வந்தது.

இனி அண்மைக்கால விஷயம். 2017 டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு செய்தி போட்டது. பறக்கும் மர்மப் பொருள்களை ஆராய பென்டகன் சத்தமில்லாமல் ஒரு திட்டம் நடத்தியது என்றும், 2 கோடியே 20 லட்சம் டாலர் செலவழித்தது என்றும் எழுதியது. போர் விமானங்கள் எடுத்த வீடியோக்களும் வெளிவந்தன. 2020 ஏப்ரலில் அவற்றில் மூன்றைப் பென்டகனே அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 2021 ஜூன் 25ம் தேதி உளவுத் துறைத் தலைமை அலுவலகம் அறிக்கை தந்தது. 144 புகார்களில் அது உறுதியாக விளக்கியது ஒன்றே ஒன்று. அது காற்று இறங்கிய ஒரு பெரிய பலூன்!

இதற்குள் பெயரையும் மாற்றிவிட்டார்கள். யு.எப்.ஓ. என்றால் ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்று, விளக்கம் தெரியாத விநோத நிகழ்வு என்ற பொருளில் யு.ஏ.பி. என்கிறார்கள்.

அந்த அறிக்கை வந்த சமயத்தில் எல்லோரும் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? எக்ஸ் பைல்ஸ்காரரைத்தான். கார்ட்டர் நியூயார்க் டைம்சில் ஒரு கட்டுரை எழுதினார். ஆகா, நான் அப்போதே சொன்னேனே என்று குதிக்கவில்லை. இந்த அறிக்கையை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன் என்று எழுதினார். வேற்றுக்கிரகவாசிகளை வைத்தே பெயரும் பணமும் சம்பாதித்த மனிதர், ஆதாரம் எங்கே என்று கேட்டார். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது அப்போதுதான்.

அந்த மூன்று வீடியோவில் ஒன்றின் பெயர் 'கோ பாஸ்ட்'. கடலை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி பறந்து ஓடுவது போல இருக்கும். நாசா அமைத்த நிபுணர் குழு 2023 செப்டம்பரில் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. கணக்கு என்றால் பயப்படாதீர்கள். திரையில் இருந்த எண்களை வைத்து, பத்தாம் வகுப்பு முக்கோணக் கணக்குதான். அந்தப் புள்ளி கடலை ஒட்டியே இல்லை, சுமார் 13,000 அடி உயரத்தில் இருந்தது. வேகம் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர். காற்றில் மிதந்து போகிற பொருளின் வேகம்! அப்படியானால் ஏன் அவ்வளவு வேகமாகத் தெரிந்தது? ரயிலில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள். தந்திக் கம்பங்கள் பின்னால் பாய்ந்து ஓடும். அவை ஓடுகிறதா, நீங்கள் ஓடுகிறீர்களா? வேகமாகப் பறந்தது படம் எடுத்த விமானம்தான்.

எல்லாம் இப்படி எளிதாகத் தீர்ந்துவிடவில்லை. அன்று சத்தியம் செய்த மூவரில் டேவிட் பிரேவர் என்ற விமானியும் ஒருவர். 2004 நவம்பரில், சான் டியாகோ நகருக்கு அப்பால் கடல் மேல், வெள்ளை மிட்டாய் போல ஒரு பொருளை அவர் பார்த்தார். சுமார் 40 அடி நீளம், இறக்கை இல்லை, சட்டென்று திசை திரும்பிற்று என்கிறார். கூடப் பறந்தவர்களும் பார்த்திருக்கிறார்கள். அது என்ன என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. விளக்கம் கிடைக்கவில்லை என்றால் விளக்கம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வேற்றுக்கிரகம் என்று விடையை நாமே எழுதி நிரப்பிவிடக் கூடாது. பிரேவர் பொய் சொல்கிறார் என்றும் எழுதக் கூடாது.

குருஷ் விஷயம் வேறு மாதிரி. பிரேவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். குருஷ் 40க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்ததைச் சொன்னார். நொறுங்கிய வாகனத்தை அவர் நேரில் பார்த்ததில்லை. அவருக்குச் சொன்னவர்களுக்கு யார் சொன்னது? இதே சங்கிலி 1950லும் நடந்தது. எப்.பி.ஐ.யின் வாஷிங்டன் கிளைத் தலைவர் ஒரு குறிப்பு எழுதினார். நியூ மெக்சிகோவில் மூன்று பறக்கும் தட்டுகள் கிடைத்ததாகவும், ஒவ்வொன்றிலும் மூன்றடி உயரத்தில் மூன்று உடல்கள் இருந்ததாகவும் ஒருவர் சொன்னார் என்று! அவருக்கு அதைச் சொன்னது இன்னொருவர். எப்.பி.ஐ. வெளியிட்டுள்ள பழைய ஆவணங்களிலேயே மிக அதிகம் பேர் பார்த்தது அந்த ஒரு பக்கக் குறிப்புதான். அதை யாரும் சரிபார்க்கவே இல்லை என்பதை 2013ல் எப்.பி.ஐ.யே விளக்க வேண்டியதாயிற்று.

பென்டகன் 2022ல் இதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தது. அது 1945 வரை பின்னோக்கிப் போய்ப் பழைய ஆவணங்களைத் தேடி, 2024 மார்ச் மாதம் அறிக்கை தந்தது. வேற்றுக்கிரக வாகனத்துக்கோ, அதை ஒளித்ததற்கோ ஆதாரம் எதுவும் இல்லை; உண்மையிலேயே இருந்த வேறு ரகசியத் திட்டங்களைப் பார்த்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றது. நான் படித்தவரையில் அந்த முடிவு சரி என்றே படுகிறது. ஆனால் அமெரிக்காவில் பல பேர் நம்பவில்லை. ஏன் நம்புவார்கள்? பலூனைப் பற்றி 47 ஆண்டு மழுப்பியவர்கள், யு-2வைப் பனித்துகள் என்றவர்கள், போலிப் படத்தைக் கையில் கொடுத்தவர்கள், இப்போது உண்மை சொன்னாலும் பழைய முகம்தானே நினைவுக்கு வரும்? ரகசியம் காக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. உளவு விமானத்தைப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய முடியாதுதான். சொல்ல மாட்டோம் என்று சொல்லியிருக்கலாம். பனித்துகள் என்று சொல்லியிருக்க வேண்டாம்.

இதில் நிஜமாக அடிபட்டவர்கள் விமானிகள். அந்த விசாரணையின் மூன்றாவது சாட்சியான ரயன் கிரேவ்ஸ் இதைத்தான் அழுத்திச் சொன்னார். வானத்தில் ஏதோ குறுக்கே வருகிறது என்று எழுதிக்கொடுத்தால் கேலி செய்வார்கள், வேலைக்கு ஆபத்து வரும் என்று விமானிகள் வாயைத் திறப்பதில்லையாம். குறுக்கே வருவது பலூனோ, எதிரி நாட்டு டிரோனோ, எதுவாக இருந்தாலும் மோதினால் ஆபத்துதானே?

கடைசியாக ரோஸ்வெல் ஊர். இப்போது அங்கே தெருவிளக்குகளுக்குப் பெரிய கறுப்புக் கண்கள் வரைந்திருக்கிறார்கள். ஒரு ஹாம்பர்கர் கடை பறக்கும் தட்டு வடிவிலேயே இருக்கிறது. ஜூலை மாதம் திருவிழா நடக்கிறது. குழந்தைகள் பச்சை முகமூடி போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். பறக்கும் தட்டு அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. அது இருப்பது ஒரு பழைய சினிமாக் கொட்டகையில்.